நெல்லுத் தாளும் எழுதும் தாளும்

'தாள்' என்றால் என்ன என்று பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டால் விடைத்தாள் என்பான். கோயில் வாசலில் நிற்பவரைக் கேட்டால் சாமியின் பாதம் என்பார். எங்கள் குடவாசல் பக்கம் வயலில் நிற்பவரைக் கேட்டால், "அறுத்துட்டுப் போன பிறகு நிக்குதே, அதுதான் தாளு" என்பார். மூன்றுமே சரி. நெல்லின் தண்டும் தாள், எழுதுகிற காகிதமும் தாள். குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது அடுத்து நடுகிற போகத்துக்குத் 'தாளடி' என்றே பெயர். டெல்டாக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். மற்ற ஊர் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படிப்பு சம்பந்தமாக நாம் பேசும் சொற்களில் பாதி, செடியிலிருந்து வந்தவை. ஓலை பனையினுடையது. ஏடு என்பதும் ஓலைதான். மடல் என்றால் பனை மட்டை, கடிதமும் மடல்தான். பூவின் இதழ் பத்திரிகைக்குப் பெயராகிவிட்டது. பருத்தியில் திரித்த நூல், புத்தகமாகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் 'காகிதம்' மட்டும் வெளியூர்க்காரர், பாரசீகம் வழியாக வந்தவர். எங்கள் அப்பாயி சொல்லும் 'கடுதாசி' போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போனது.

சரி, பெயரில்தான் ஒன்று. பொருளிலும் நெல்லுத் தாள் எழுதும் தாளாகுமா? இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. வீட்டில் ஒரு பிரச்சினை, அதில் வந்தது.

வைக்கோல் பிரச்சினை

எங்களுக்கு ஒன்பது மா நிலம். அதாவது மூன்று ஏக்கர். சம்பா மட்டும்தான் நிச்சயம், மேட்டூரில் தண்ணீர் இருந்தால் குறுவையும் உண்டு. தாத்தா இருந்தவரை கொல்லையில் வைக்கோல் போர் இருக்கும். ஆள் வைத்து அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலைப் பிரி திரித்துக் கட்டி, தலையில் வைத்துக் கொண்டுவந்து போர் போடுவார்கள். நான்கு மாடு அதைத் தின்றது. மாட்டுச் சாணம் எருக்குழிக்குப் போனது. எரு வயலுக்குப் போனது. ஒரு வட்டம்.

தாத்தா போன பிறகு மாடுகளை ஒவ்வொன்றாக விற்றாயிற்று. அறுவடைக்குச் செயின் மெஷின் வருகிறது. அது நெல்லை வாங்கிக்கொண்டு வைக்கோலைக் கசக்கி, வரிசையாக வயலிலேயே துப்பிவிட்டுப் போகிறது. இப்போது அப்பாவுக்கு மூன்று வழி. வைக்கோல் கட்டும் மெஷின்காரரிடம் கொடுத்தால் உருட்டி உருட்டிக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார், கொஞ்சம் காசு வரும். இல்லாவிட்டால் ஒரு தீக்குச்சி போதும். அதுவும் இல்லாவிட்டால் மடக்கி உழுதுவிடலாம்.

போன அறுவடையில் அப்பா கேட்டார்: "தம்பி, நீதான் செடி கொடியெல்லாம் படிக்கிறியே. இத என்ன பண்ணலாம்னு சொல்லேன்."

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் பெரிய சங்கடம். கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் தாவரவியல் படிக்கிறவன், தன் வீட்டு வைக்கோலைப் பற்றி நாலு வார்த்தை உருப்படியாகச் சொல்ல வேண்டாமா?

தாளுக்குள்ளே என்ன இருக்கிறது

ஒரு வைக்கோலை எடுத்து நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். நடுவில் வெற்றுக் குழாய். அங்கங்கே முடிச்சு மாதிரி கணு. கணுவில் மட்டும் குழாய் அடைத்திருக்கும். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு இலை கிளம்பி, முதலில் தண்டைச் சட்டை போல் சுற்றிக்கொண்டு (இதுதான் இலையுறை) பிறகு விரிந்து வெளியே போகும்.

இங்கே ஒரு ஆச்சரியம் உண்டு. நடவு முடிந்து தூர் கட்டும் பருவத்தில் 'தண்டு' என்று நாம் பிடித்துப் பார்ப்பது உண்மையில் தண்டே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்ட இலையுறைகள்தான். நிஜத் தண்டு அப்போது தரையை ஒட்டி, கணுக்கள் நெருக்கமாக, விரலளவு கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும். கதிர் உருவாகத் தொடங்கிய பிறகுதான் கணுவிடைகள் விறுவிறுவென்று நீளும். பயிர் 'சூல் கட்டி'யிருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லும் நாட்களில் உள்ளே இந்த ஓட்டம்தான் நடந்துகொண்டிருக்கும்.

மா மரமோ வேப்ப மரமோ வருஷா வருஷம் பருப்பதற்குக் காரணம் கேம்பியம் என்ற ஆக்குத்திசு. மரத்தைச் சுற்றி வளையமாக இருந்து, உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்கும். நெல் புல் இனம், ஒருவித்திலைத் தாவரம். அதற்குக் கேம்பியம் கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலே இடை ஆக்குத்திசு என்று ஒன்று இருக்கிறது. குழாய் வானொலிக் கம்பியை இழுத்தால் ஒவ்வொரு துண்டாக நீளுமே, அந்த மாதிரி நெல் ஒரே நேரத்தில் பல இடங்களில் நீளுகிறது. ஆடு மேய்ந்த புல் மறுபடி வளர்வதும் இந்த ஏற்பாட்டால்தான். நுனியைக் கடித்தாலும் வளரும் இடம் கீழே பத்திரமாக இருக்கிறது.

மழையில் சாய்ந்த பயிர் மூன்று நாளில் தலையைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கணுவின் வேலைதான். படுத்த தண்டின் கணுவில் அடிப்பக்கம் அதிகமாக வளரும், மேல்பக்கம் குறைவாக வளரும். அதனால் மேல்நோக்கி வளையும். சாய்ந்து எழுந்த பயிரில் வளைவு எப்போதும் கணுவில்தான் இருக்கும், நடுக்குழாயில் இருக்காது. அடுத்த முறை வயலில் இறங்கினால் பார்க்கலாம்.

பழைய நெல் ரகங்கள் ஆள் உயரம் வளர்ந்தன. கதிர் கனத்தால் சாய்ந்தன. உரம் போட்டால் இன்னும் உயர்ந்து இன்னும் சாய்ந்தன. 1966-ல் வந்த ஐ.ஆர்.8 குட்டையாக இருந்ததற்குக் காரணம், ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் வழியில் ஒரு ஜீன் வேலை செய்யாததுதான். ஜிப்ரலின் குறைந்ததும் கணுவிடை நீளவில்லை. வைக்கோலுக்குப் போக வேண்டிய சத்து கதிருக்குப் போனது. பசுமைப் புரட்சி என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதை ஒரு தாவரவியல் மாணவனாகச் சொன்னால், வைக்கோலைக் குறைத்து நெல்லைக் கூட்டிய கதை. "இப்பல்லாம் வைக்கோலே கட்டையாப் போச்சு, போர் நிக்க மாட்டேங்குது" என்று அப்பாயி குறைப்படுவதற்குப் பின்னால் ஒரு ஜீன் இருக்கிறது.

நார் என்பது எது

இனி மைக்ராஸ்கோப்புக்கு வருவோம். நெல் தண்டைக் குறுக்காக மெல்லிசாகச் சீவி, சாஃப்ரனின் போட்டால், லிக்னின் ஏறிய இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். வெளித்தோலுக்கு அடியில் ஒரு சிவப்பு வளையம். உள்ளே அங்கங்கே சிதறிய வாஸ்குலார் கற்றைகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு உறை. அதுதான் ஸ்கிளிரன்கைமா, நம் ஊர்ப் பேச்சில் நார். மற்றதெல்லாம் மெல்லிய சுவருள்ள பாரன்கைமா, பஞ்சு மாதிரி.

நார்ச் செல்லுக்கு ஒரு விசேஷம் உண்டு. அது செத்த பிறகுதான் தன் வேலையை முழுதாகச் செய்கிறது. உயிரோடு இருக்கும்போது நீண்டு, சுவரை உள்பக்கமாகத் தடிமனாக்கி, செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே லிக்னினை நிரப்பி, பிறகு செத்துப்போய் வெறும் குழாயாக நின்று செடியைத் தாங்குகிறது. கம்பி மாதிரி செல்லுலோஸ், சிமெண்ட் மாதிரி லிக்னின். வீடு கட்டின கொத்தனார் வீட்டுக்குள்ளேயே சமாதியான மாதிரி :-)

காகிதம் செய்வது என்றால் இந்தச் சிமெண்டைக் கரைத்துக் கம்பியை மட்டும் எடுப்பது. எடுத்த நாரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சல்லடையில் வாரி, வடித்துக் காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பசை எதுவும் தேவையில்லை. செல்லுலோஸின் மேல் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள், தண்ணீர் விலக விலக நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோர்த்துக்கொள்ளும். காகிதத்தை நனைத்தால் கூழாவதும் அதனால்தான், நடுவில் தண்ணீர் புகுந்து கைகளைப் பிரித்துவிடுகிறது. சீனாவில் கி.பி. 105-ல் சாய் லுன் அரசரிடம் காட்டியதாகச் சொல்லப்படும் காகிதமும் இதே தத்துவம்தான். மல்பெரிப் பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவை அவர் சரக்கு.

நம் ஓலை காகிதம் அல்ல. அது முழு இலை. நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால் நீளமாக வாரலாம், எழுத்தாணியால் கீறலாம். எகிப்தியரின் பாப்பிரஸும் காகிதம் அல்ல. பாய் நெய்கிற நம் கோரையின் சொந்தக்காரச் செடி அது, இரண்டும் சைப்பரஸ் என்ற ஒரே பேரினம். அதன் முக்கோணத் தண்டின் உள்சோற்றைப் பட்டை பட்டையாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்துவார்கள். நாரைத் தனித்தனியாகப் பிரித்து மறுபடி சேர்த்தால்தான் அது காகிதம்.

ஓலை பெரிய சமாச்சாரம்தான், சந்தேகமில்லை. சேரமான் கணைக்கால் இரும்பொறையைச் சோழன் செங்கணான் சிறைவைத்தது எங்கள் ஊர்க் குடவாயில் கோட்டத்தில் என்று புறநானூற்றின் 74-ஆம் பாட்டின் குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்பு நம் கைக்கு வந்தது ஓலையை ஓலையில் மறுபடி மறுபடி படி எடுத்தவர்களால். கடைசியில் 1894-ல் உ.வே.சா. அதைக் காகிதத்தில் அச்சேற்றினார். அவர் பிறந்த உத்தமதானபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். ஆக, எங்கள் ஊரின் பழைய பெயரைக் காப்பாற்றியதில் பனைக்குப் பங்கு உண்டு, காகித நாருக்கும் பங்கு உண்டு.

வீட்டில் செய்து பார்த்தது

அப்பாவிடம் சும்மா பதில் சொல்ல முடியாது என்று செய்தே பார்த்தேன். ஒரு கிலோ சம்பா வைக்கோல். கணுக்களைக் கத்தரித்துத் தள்ளிவிட்டு (அம்மா, அப்பாயி, நான் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க), ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரவு ஊறவைத்தேன். மறுநாள் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் கரைத்த தண்ணீரில், பழைய எவர்சில்வர் அண்டாவில், கொல்லை அடுப்பில் மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகும். அதனால் யாராவது செய்வதாக இருந்தால் கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதைத் தின்றுவிடும்.

தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. அந்த நிறத்தில் பெரும்பங்கு லிக்னின். பல தடவை கழுவிக் கழுவி, மிஞ்சியதைக் காயவைத்து நிறுத்தால் பாதிக்குப் பக்கம். மற்ற பாதி தண்ணீரோடு போய்விட்டது. மிச்சத்தை மறுபடி நனைத்து மிக்ஸியில் ஓட்டினேன் (அம்மாவுக்குப் புது ஜார் வாங்கித் தருவதாகப் பேச்சு). மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து, அகலத் தொட்டியில் கூழை வாரி எடுத்து, பழைய வேட்டித் துணியில் கவிழ்த்துக் காயவைத்தேன்.

வந்தது காகிதம்தான். இளமஞ்சள், வெயிலில் பிடித்தால் பளபளப்பு, மடக்கினால் 'சடசட' என்று சத்தம். ஆனால் இரண்டு விரலால் லேசாக இழுத்தாலே கிழிந்தது. காரணம் நாரின் நீளம். நெல் வைக்கோலின் ஒரு தனி நார்ச் செல் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பைன் போன்ற ஊசியிலை மரத்தின் நார் சுமார் 3 மில்லிமீட்டர். நார் குட்டையானால் ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும் இடம் குறைவு. தவிர, வைக்கோலில் அந்தப் பஞ்சு பாரன்கைமா அதிகம். அது சல்லடைக் கண்ணை அடைத்துக்கொண்டு தண்ணீரை வடியவிடாது.

அடுத்த வாரம் கொல்லை வாழை கைகொடுத்தது. தார் வெட்டிய மரத்தின் பட்டையைக் கரண்டியால் சுரண்டினால் நார் வெள்ளையாக வரும். பூ கட்ட எடுப்போமே அதே நார். (வாழை 'மரம்' என்பதும் தண்டு இல்லை, இலையுறைகளின் சுருள்தான், தூர் கட்டும் நெல்லைப் போலவே. நிஜத் தண்டு நாம் பொரியல் செய்வது.) வாழையின் நார்ச் செல் வைக்கோலைவிடப் பல மடங்கு நீளம். அதன் தம்பியான மணிலா வாழை நாரில்தான் டீ பை செய்கிறார்கள், ஜப்பானியர் ரூபாய் நோட்டில்கூடச் சேர்க்கிறார்கள். நம் ரூபாய் நோட்டுக்குப் பருத்தி. நாலில் ஒரு பங்கு வாழை நார் கலந்ததும் தாள் இழுத்தாலும் தாங்கியது. குட்டை நார் இடைவெளியை நிரப்பும், நீள நார் கட்டிப் பிடிக்கும். பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்பார்கள். நாரோடு சேர்ந்த வைக்கோல் நிற்கிறது!

அப்படியானால் ஏன் யாரும் செய்யவில்லை?

நண்பன் ஒருவன் இதைத்தான் கேட்டான். "டெல்டா பூரா வைக்கோல், ஒரு காகித ஆலை போட்டா என்ன?"

தமிழ்நாட்டில் மரத்தை மட்டும் நம்பாமல் காகிதம் செய்யும் பெரிய ஆலை இருக்கத்தான் இருக்கிறது. கரூர் மாவட்டம் புகளூருக்குப் பக்கத்தில், காவிரிக் கரையோரம். ஊர்ப் பெயரே காகிதபுரம். 1979-ல் தமிழக அரசு தொடங்கி, 1984-ல் உற்பத்திக்கு வந்த டி.என்.பி.எல். அதன் முக்கியச் சரக்கு கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. "சக்கையை எங்களுக்குக் கொடுங்கள், எரிக்க வேறு எரிபொருள் நாங்கள் தருகிறோம்" என்று மாற்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். கரும்பும் புல்தான், நெல்லின் உறவுதான். ஆனால் கரும்பின் தண்டு குழாய் இல்லை. நடுவெல்லாம் சர்க்கரை சேர்த்துவைக்கும் பாரன்கைமா. சாறு பிழிந்த பிறகு அந்தச் சோற்றை இயந்திரத்தால் அடித்துப் பிரித்துவிட்டு, நாரை மட்டும் கூழாக்குவார்கள். கரும்பு நார் வைக்கோல் நாரைவிடக் கொஞ்சம் நீளம். அதைவிட முக்கியம், சக்கை ஒரே இடத்தில், ஆலை வாசலிலேயே குவிந்து கிடைக்கிறது. வைக்கோல் லட்சக்கணக்கான வயல்களில், அறுவடையின் சில வாரங்களில் மட்டும் கிடைக்கிறது. மழை பட்டால் மக்கிவிடும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அதை நாம் எல்லோரும் தோலில் உணர்ந்திருக்கிறோம். வைக்கோல் தூக்கினால் கழுத்தெல்லாம் அரிக்கும். நெல் இலை உருவினால் கையில் கீறும். நெல்லின் மேல்தோல் முழுக்கச் சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. நெல் வேர் மண்ணிலிருந்து சிலிசிக் அமிலத்தைத் தேடி உறிஞ்சும். அதற்கென்றே ஒரு புரதக் கதவு வேரில் இருப்பதை ஜப்பானில் 2006-ல் கண்டுபிடித்தார்கள். பூச்சியும் குலைநோயும் சுலபத்தில் துளைக்காமல் இருக்கவும், இலை நிமிர்ந்து நிற்கவும் பயிருக்கு அது கவசம்.

காகித ஆலைக்கோ அது தலைவலி. மரக்கூழ் ஆலையில் கொதித்து மிஞ்சும் கறுப்புத் திரவத்தைச் சுண்டவைத்து எரிப்பார்கள். லிக்னின் எரிந்து வெப்பம் தரும், காஸ்டிக் சோடா திரும்பக் கிடைக்கும். வைக்கோலில் சிலிக்காவும் காரத்தில் கரைந்து அந்தத் திரவத்தைக் கெட்டியாக்கி, குழாய்களில் பாறை மாதிரி படிந்துவிடும். சிறிய ஆலைகளுக்கு இதைச் சமாளிக்க வசதி இருக்காது. அப்போது அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். சீனாவில் வைக்கோலில் காகிதம் செய்த சிறிய ஆலைகள் ஏராளம். ஹுவாய் ஆறு நாறிப்போய், 1996-ல் அந்த ஆற்றுப் படுகையில் நூற்றுக்கணக்கான சிறு காகித ஆலைகளை அரசு மூடியது. எங்கள் ஊரில் ஓடுவது சோழசூடாமணி ஆறு. வருஷத்தில் சில மாதம்தான் தண்ணீர். அதில் ஒரு அண்டா டிகாக்‌ஷனை ஊற்றவே எனக்கு மனசு வரவில்லை. கொல்லையில் குழி வெட்டி, புளிச்ச மோரும் சாம்பலில்லாத தண்ணீரும் நிறையக் கலந்து, காரம் குறைந்த பிறகுதான் விட்டேன்.

அப்பாவுக்குச் சொன்ன பதில்

மூன்று ஏக்கரில் சுமார் ஆறு டன் வைக்கோல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். (இப்போதைய ரகங்களில் நெல்லும் வைக்கோலும் ஏறக்குறைய சம எடை.) ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ பொட்டாஷ் சத்து இருக்கிறது. ஆறு டன்னும் லாரி ஏறினால் 84 முதல் 120 கிலோ பொட்டாஷ் வயலைவிட்டுப் போகிறது. கடையில் வாங்கினால் மூன்று நான்கு மூட்டை. கட்டு மெஷின்காரர் கொடுக்கும் காசில் இந்தக் கணக்கு யாரும் பார்ப்பதில்லை. எரித்தால் பொட்டாஷ் சாம்பலில் தங்கும், ஆனால் தழைச்சத்து அநேகமாக முழுதும் புகையாகிவிடும். பக்கத்துத் தெருவில் மூச்சிரைப்புக்காரர்கள் இருக்கிறார்கள். மடக்கி உழுதால் சத்து எல்லாம் மண்ணுக்கே. ஆனால் வைக்கோல் மக்க அவகாசம் வேண்டும். அவசரமாகத் தண்ணீர் கட்டி நட்டால், மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பயிரின் தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். தேங்கிய தண்ணீரில் மீத்தேனும் கிளம்பும்.

"ரெண்டு பங்க உழுதுடலாம்ப்பா. கோடைல உழுதுட்டா நடவுக்குள்ள மக்கிடும். ஒரு பங்க மட்டும் மாடு வெச்சிருக்கவங்களுக்குக் குடுப்போம், பதிலுக்கு எரு வாங்கிப்போம்" என்றேன்.

"காயிதம்?"

"அது வித்துப் பொழைக்க முடியாதுப்பா."

அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எருவுக்கு வைக்கோலுன்னா மேலத்தெருவுல கேட்டுப் பாக்கறேன்" என்றார். கேட்டார். ஒப்புக்கொண்டார்கள். பழைய வட்டம் எங்கள் கொல்லையில் இல்லை, இரண்டு தெரு சுற்றி மறுபடி ஓடுகிறது.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஜே.சி.குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். காந்தி 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர். கைக்காகிதமும் அந்தச் சங்கத்தின் தொழில்களில் ஒன்று. இயற்கையிடம் எடுப்பதை இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் பொருளாதாரம் நிலைக்கும் என்பது அவர் வாதம். நம் மண்ணில் பிறந்தவர் என்பதுகூட எனக்கு இந்த வைக்கோல் வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில், வீணை, தலையாட்டி பொம்மை என்று மட்டுமே நமக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள்.

வைக்கோல் காகிதத்தில் ஆலை வேண்டாம் என்பதுதான் என் கட்சி, காகிதமே வேண்டாம் என்பதல்ல. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு, ஒரு ஓவியத்துக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க இது அருமையான சரக்கு. கையில் சல்லடை பிடித்து ஒரு தாள் எடுத்தவன், ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு அடுத்த தாளைக் கிழிக்கமாட்டான். ரெக்கார்ட் நோட்டில் நாம் வீணாக்கும் வெள்ளைத் தாளை நினைத்தால் எனக்கு இப்போதெல்லாம் சுருக்கென்கிறது.

ஒரு வேலை பாக்கி இருந்தது. என் தாளில் இங்க் பேனாவால் எழுதினால் மை சுற்றிலும் ஊறிப் பரவியது. நார்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் மையை உறிஞ்சின. ஆலைகளில் இதற்கு மெழுகு மாதிரியான ரசாயனங்கள் பூசுவார்கள். நம் நாட்டுப் பழைய காகிதக்காரர்கள் மாவுக்கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். அப்பாயியிடம் சொன்னேன். மத்தியானம் வடித்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்திருந்தார். துணியால் தொட்டு இரண்டு பக்கமும் தடவி, காய்ந்ததும் அம்மிக் குழவியால் தேய்த்தோம். அதே வயலில் விளைந்த தாள், அதே வயலில் விளைந்த அரிசியின் கஞ்சி.

இப்போது மை பரவுவதில்லை. எழுதலாம்.